30,000 ரூபாய் நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் அந்த விலைக்குத் தகுமா?

நாய்ஸ் கேன்சலிங் என்றால் வெளிச் சத்தத்துக்கு எதிர்ச் சத்தம் போட்டு அழிப்பது. ஹெட்போனில் உள்ள குட்டி மைக்குகள் வெளிச் சத்தத்தைக் கேட்கும். உள்ளே இருக்கும் சிப் அதே அலையைத் தலைகீழாக்கிக் காதுக்குள் விடும். மேடும் பள்ளமும் சேர்ந்தால் சமதரைதானே!

ஆடுகிற ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே சீராக ஆடினால், வரும் நேரம் பார்த்து எதிரே கைவைத்து நிறுத்திவிடலாம். யாராவது திடீரென்று உதைத்துவிட்டால் நம் கை பிந்திவிடும். அதனால்தான் காட்பாடியிலிருந்து சென்னை போகிற ரயிலில் அந்தத் தொடர் இரைச்சல் நன்றாக அடங்குகிறது. வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் அடிக்கும் ஹாரன் குறையுமே தவிர முழுசாகப் போகாது. பக்கத்து சீட்டுக்காரரின் போன் பேச்சும் அப்படித்தான். போஸ் ஆடியோ நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸுக்கு 1978-இல் இந்த யோசனை வந்ததே விமான இரைச்சலில் உட்கார்ந்திருந்தபோதுதான்.

சரி, விலைக்கு வருவோம். கூடுதல் பணம் நல்ல சிப்புக்கும் மைக்குகளுக்கும் காதில் உறுத்தாத குஷனுக்கும் போகிறது. தினமும் ரயிலில் போய்வருபவர் என்றால் வாங்கலாம். வீட்டில் ஃபேன் சத்தத்துக்கு 5,000 ரூபாய் மாடலே போதும். அப்புறம், வேலூர் சித்திரை வெயிலில் காதை மூடும் ஹெட்போன் போட்டால் வியர்த்துக் கொட்டும். இதை எந்த விளம்பரமும் சொல்லாது.

மலிவான ஹெட்போன் பெட்டிகளில் ‘ஈஎன்சி’ (ENC) என்று போட்டிருப்பதைப் பலரும் நாய்ஸ் கேன்சலிங்தான் என்று நினைக்கிறார்கள். அது போனில் நீங்கள் பேசுவது எதிராளிக்குத் தெளிவாகக் கேட்பதற்கு, உங்கள் காதுக்கு அல்ல.