பேத்தியைப் பார்த்தும் சிரிக்காத தாத்தா
(இயன்முறை மருத்துவர் பதில்கள்)

கேள்வி: என் மாமனாருக்கு 67 வயது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரொம்பக் கலகலப்பானவர், ஒரு வருடமாக ஆளே மாறிவிட்டார். பேத்தி பிறந்து தூக்கிக் காட்டியபோதுகூட முகத்தில் சிரிப்பு இல்லை. 'பொம்பளப் புள்ளைன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கார்' என்று என் அம்மா வீட்டில் ஒரே வருத்தம். எது கேட்டாலும் முணுமுணுவென்று ஒற்றை வார்த்தையில் பதில். போதாததற்கு இடது தோளில் பிடிப்பு வேறு. ஆறு மாதமாகத் தைலம், ஒத்தடம் எல்லாம் பார்த்தாயிற்று. கை நடுக்கம் எதுவும் கிடையாது. இது மனத்தாங்கலா, வயதா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, தோள்பிடிப்பும் சிரிக்காத முகமும் ஒரே நோயிலிருந்து வரலாம். நேரில் பார்க்காமல் நான் முடிவு சொல்ல முடியாது. ஆனாலும் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது பார்க்கின்சன் நோய்தான். இந்த மாதமே நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

நடுக்கமே இல்லையே என்பீர்கள். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் இந்த நோயைப் பற்றி எழுதியபோது நடுக்கத்தைத்தான் முன்னால் வைத்தார். நாமும் இன்றுவரை அதையே தேடிக்கொண்டிருக்கிறோம். பின்னால் பாரிஸில் சார்கோ என்ற மருத்துவர், நடுக்கமே இல்லாமலும் இந்த நோய் வரும், தசை விறைப்பைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று எடுத்துச் சொன்னார். இடது கை ஒருபக்கமாக விறைத்துக்கொண்டு, தோள்வலி என்றே பல மாதம் தைலம் தேய்த்துக் கழித்தவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

உடம்பின் அசைவைச் சீராக வைத்திருக்கும் டோபமைன் என்ற ரசாயனத்தை மூளையில் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிவதுதான் இந்த நோய்க்குக் காரணம். முகத்தில் இருப்பதும் தசைதானே, அதுவும் இறுகிவிடும். போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னால் ஓரளவு சிரித்துவிடுவார். குழந்தையைக் கண்டதும் தானாக மலருகிற சிரிப்புதான் முதலில் போகும். கண் இமைப்பது குறையும், குரல் தணியும். உள்ளே எவ்வளவு சந்தோஷம் இருந்தாலும் முகம் அதைக் காட்டாது. பெண் குழந்தை என்பதால்தான் இப்படி என்ற பேச்சை இன்றோடு நிறுத்துங்கள். அது அவர் காதிலும் விழுந்திருக்கும். விழுந்திருந்தால், மறுத்துச் சொல்லவும் அவருக்கு முகமும் குரலும் ஒத்துழைத்திருக்காது. எனக்கு அதுதான் மனசு ஆறவில்லை.

என்னிடம் வருபவர்களுக்கு முழங்கையை ஒரு கையால் தாங்கி, மறு கையால் மணிக்கட்டை மெதுவாகச் சுழற்றிப் பார்ப்பேன். விறைப்பு இருந்தால் மணிக்கட்டு வழுக்கிச் சுழலாது, பல்சக்கரம் போல் டக் டக்கென்று தட்டித் தட்டி நகரும். அப்போதே மற்றக் கையை விரித்து மூடச் சொன்னால் விறைப்பு இன்னும் தெளிவாகப் பிடிபடும். இதை நீங்கள் செய்து பார்க்க வேண்டாம். வீட்டில் இரண்டு விஷயங்களைக் கவனித்தால் போதும். நடக்கும்போது இடது கை வீசுகிறதா, உடம்போடு ஒட்டிக்கொண்டு வருகிறதா? அடுத்தது, வங்கிக்காரர் என்பதால் சொல்கிறேன், அவருடைய பழைய கையெழுத்தையும் இப்போது போடுவதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்து சிறுத்து, போகப் போக நெருங்கிக்கொண்டே வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், மறந்துவிடாதீர்கள். தலைசுற்றலுக்குத் தரும் சின்னரிசின், ஃப்ளூனரிசின், வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு, மனநல மாத்திரைகள் சில, இவையும் இதே விறைப்பைக் கொண்டுவரும். மாத்திரைதான் காரணம் என்றால், மருத்துவர் அதை மாற்றியபின் பெரும்பாலும் சில வாரங்கள், மாதங்களில் சரியாகும். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

பார்க்கின்சன் என்றே உறுதியானால், மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் லெவோடோபா என்ற மாத்திரை தருவார்கள். பூனைக்காலி விதையில் இந்த லெவோடோபா இருப்பதை 1937-லேயே தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அதற்காக நாட்டு மருந்துக் கடையில் பொடி வாங்கிக் கொடுத்துவிட வேண்டாம். அளவு தெரியாமல் மாத்திரையோடு சேர்ந்தால் குமட்டல், மயக்கம், கைகால் தன்னால் ஆடுவது என்று வினையாகும்.

மனச்சோர்வும் இந்த நோயோடு வருவதுண்டு. முகத்தை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது, வாயால்தான் கேட்க வேண்டும். தூக்கம் வருகிறதா, சாப்பிடப் பிடிக்கிறதா என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள், பதில் மெதுவாகத்தான் வரும். பேத்தியை அவர் மடியில் கொடுக்கும்போது குழந்தையின் தலை வலது கைப்பக்கம் வரட்டும், நீங்களும் ஒரு கை கொடுங்கள்.

கேள்வி: காலையில் எழுந்ததும் கைவிரல்கள் மடங்குவதில்லை. வயது 42. சுளுக்கா?
– வாசகி, சேலம்

பதில்: விறைப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். அரை மணிக்குள் விட்டுவிட்டால் பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்று, இரண்டு கையிலும் விரல் முட்டிகள் வீங்கினால் முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு நீவிவிடுவது உதவாது. மூட்டுவாத நிபுணரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தள்ளிப்போட்டால் மூட்டு அரித்து விரல் கோணிவிடும்.