பாக்கியும் கெடுவும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

முக்கூடலிலிருந்து எழுதுகிறேன். அக்கா பீடி சுற்றுகிறாள், இரண்டு பிள்ளைகள். பிள்ளைகளுக்கு மாதம் 6,000 ரூபாய் கொடுக்கச் சொல்லி அத்தானுக்குக் கோர்ட்டு உத்தரவு போட்டு 20 மாதம் ஆகிறது. மூன்று மாதம் கொடுத்தார். அப்புறம் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவர் போனையும் எடுப்பதில்லை. பெரியவர்கள் "பொறுங்க, திருந்தி வருவான்" என்கிறார்கள். பாக்கி எங்கே போய்விடும், மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்று அக்காவும் இருக்கிறாள். சரிதானா?

ஒரு வாசகி

தங்கச்சிக்கு,

சரியில்லை. எங்கே போய்விடும் என்கிறாளே, அது மாதாமாதம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. வாரண்டு மூலம் வசூலிக்க மனுக் கொடுப்பதற்கு, ஒவ்வொரு மாதத் தொகைக்கும் அது கொடுக்கவேண்டிய நாளிலிருந்து ஒரு வருடம்தான் கெடு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் 144. எண் மாறியது, கெடு மாறவில்லை. 17 மாத பாக்கி 1,02,000 ரூபாய் என்றால், இன்றைக்கே மனுப் போட்டாலும் இந்த வழியில் கடைசி 12 மாதத்து 72,000தான். மீதி 30,000 செத்துவிடவில்லை, சிவில் வழக்காகக் கேட்கலாம் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, ஆனால் அது தனி அலைச்சல். பெரியவர்கள் பொறுக்கச் சொன்னதன் விலை அது. 30,000க்கு எத்தனை ஆயிரம் பீடி என்று அக்காவே கணக்குப் போடட்டும்.

திருப்பூர் போனால் தப்பிவிட்டார் என்று நினைக்கவேண்டாம். ஆள் எங்கே இருக்கிறாரோ அங்குள்ள மாஜிஸ்திரேட்டும் உத்தரவை நிறைவேற்றலாம், ஆனால் விலாசம் வேண்டும். எந்தக் கம்பெனி, எந்தத் தெரு, கூட யார் தங்கியிருக்கிறார் என்பதை ஊர்க்காரப் பையன்களிடம் விசாரித்து வையுங்கள். "உள்ளே போய்விட்டு வந்தால் கணக்குத் தீர்ந்தது" என்று சிலர் வீரம் பேசுவார்கள். தீராது. ஜெயில் என்பது கொடுக்கவைக்கும் வழி, பாக்கிக்கு ஈடு அல்ல என்று 1988லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. வக்கீல் பீஸுக்குப் பயந்து உட்கார்ந்திருந்தால் பாளையங்கோட்டை கோர்ட்டில் இலவச சட்ட உதவி கேட்கச் சொல்லுங்கள், பெண்களுக்கு வருமானமே பார்க்காமல் வக்கீல் தருவார்கள். 15100க்குப் போன் போட்டாலும் போதும்.

இன்னொன்று. அங்கே ஒரு வாய்தா அன்று வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். ஒருத்தர் தன் வக்கீலிடம், "கோயில் கொடைக்கு வந்தப்ப பிள்ள கையில ஐந்நூறு குடுத்தேனே, அதையும் கழிக்கச் சொல்லுங்க சார்" என்கிறார். பெஞ்சில் அந்தப் பிள்ளை பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கத் தெரியாமல் பல்லால் கடித்துக்கொண்டிருந்தது. அத்தானும் நாளைக்கு இதைத்தான் சொல்வார் (இன்னும் மரியாதையாக அத்தான் என்றே எழுதுகிறீர்கள், இருக்கட்டும்). பீடிக் கம்பெனி பாஸ்புக்கில் ஒரு நாள் வரவு விட்டுப்போனாலும் அக்கா சும்மா இருப்பாளா? அதே கையால் ஒரு நோட்டில் எழுதட்டும்: எந்தத் தேதி, எவ்வளவு, கையிலா பேங்கிலா. வராத மாதத்துக்கும் ஒரு வரி. திங்கட்கிழமை அந்த நோட்டையும் உத்தரவு நகலையும் எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறுங்கள், நீங்களும் கூடப் போங்கள்.