சிலிண்டர் மானியம் எங்கே போச்சு? நெல்லைக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

எண்ணெய் வியாபாரத்தின் கணக்குப் பக்கத்தில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறேன். கேஸ், டீசல், கரண்ட் மானியம் பற்றி யாரும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து எழுதுகிறேன்.

முக்கூடலில் இருந்து ஒரு அக்கா: பீடி சுத்திப் பிழைக்கிறோம் அண்ணாச்சி. முன்னெல்லாம் சிலிண்டர் வாங்கினா பேங்க்ல காசு விழும். இப்போ ஒண்ணும் வரலை. மானியத்தை நிறுத்திட்டாங்களா?

உங்கள் கணக்கில் விழுவது நின்றுவிட்டது. மானியம் நிற்கவில்லை அக்கா. 2015 ஜனவரியில் இருந்து நாடு முழுக்க ஒரே முறை: முழு விலை கொடுத்து வாங்குங்கள், மானியம் கணக்குக்கு வரும். 2020-ல் கொரோனா சமயம் உலகச் சந்தையில் விலை சரிந்தபோது மானிய விலையும் சந்தை விலையும் ஒன்றாகிவிட்டன, போடுவதற்குப் பணம் இல்லை. அப்புறம் விலை ஏறியது, பணம் மட்டும் திரும்பி வரவில்லை. உங்கள் இணைப்பு உஜ்வலா திட்டத்தில் (ஏழை வீட்டுப் பெண்களுக்கு கேஸ் இணைப்பு தரும் மத்திய அரசுத் திட்டம்) வாங்கியதாக இருந்தால் கதை வேறு: 2022 மே முதல் சிலிண்டருக்கு 200 ரூபாய், 2023 அக்டோபர் முதல் 300 ரூபாய். அப்படியும் வரவில்லை என்றால் ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று ஏஜென்சியில் கேளுங்கள். பழைய கணக்கில் போய் விழுந்து கிடப்பது உண்டு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அடக்க விலைக்குக் கீழே சிலிண்டர் விற்று நஷ்டப்பட்டதற்காக அரசு எண்ணெய் நிறுவனங்கள் மூன்றுக்கும் மத்திய அரசு 2022-ல் 22,000 கோடி கொடுத்தது. 2025 ஆகஸ்டில் இன்னொரு 30,000 கோடிக்கு ஒப்புதல் தந்தது. அதாவது உங்கள் வீட்டு சிலிண்டரிலும் மானியம் இருக்கிறது, பங்களா வீட்டு சிலிண்டரிலும் அதே அளவு இருக்கிறது. பாஸ்புக்கில் தெரியாது, அவ்வளவுதான். ஆள் பார்த்துக் கொடுத்த பழைய முறையே தேவலை என்பது என் கட்சி.

பாளை கல்லூரி மாணவி: உலக அளவில் மானியம் எவ்வளவு என்று தேடினால் ஒவ்வொருவரும் ஒரு தொகை சொல்கிறார்கள் சார். எது சரி?

எல்லாம் சரிதான் தங்கச்சி. அளக்கிற பொருள்தான் வேறு.

சர்வதேச எரிசக்தி முகமை விலை இடைவெளியைப் பார்க்கிறது. ஒரு சிலிண்டரை இறக்குமதி செய்து வீட்டு வாசலில் சேர்க்க 1,000 ரூபாய் ஆகிறது, 850-க்கு விற்கிறார்கள் என்று வைத்துக்கொள். இடைவெளி 150. விற்ற சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கினால் மானியம். சண்டை வருவது அந்த 1,000-ஐ எப்படி முடிவு செய்வது என்பதில். எண்ணெய் தோண்டுகிற நாடுகள், எங்களுக்கு எடுக்கிற செலவே கொஞ்சம்தான், உலக விலையோடு ஏன் ஒப்பிடுகிறாய் என்று கேட்கும். அதற்குப் பதில்: வெளியே விற்றிருந்தால் கிடைத்திருக்கும் காசை விட்டுக்கொடுப்பதும் மானியம்தான்.

பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த ஓஇசிடி அமைப்பு வேறு வழியில் போகிறது. பட்ஜெட்டை எடுத்துவைத்து, ஒதுக்கிய பணம், தள்ளுபடி செய்த வரி என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் போடும். விலையில் தெரியாத சலுகை இதில் மாட்டும். ஐஎம்எஃப், அதாவது சர்வதேச நாணய நிதியம், இன்னும் ஒரு படி மேலே போய், புகையால் வரும் நோய், பருவநிலைச் சேதம், வசூலிக்காமல் விட்ட வரி எல்லாவற்றையும் சேர்க்கிறது. அதனால்தான் 2022-க்கு அவர்கள் சொன்னது 7 லட்சம் கோடி டாலர். அதில் கையில் பிடித்துக் காட்டக்கூடிய நேரடி மானியம் 1.3 லட்சம் கோடிதான். கட்டுரையில் தொகையை எழுதும்போது யார் கணக்கு, எந்த ஆண்டு என்பதைச் சேர்த்து எழுது. பாதிச் சண்டை குறையும்.

வள்ளியூர் லாரிக்காரர்: டீசலுக்கு இவ்வளவு வரி கட்டுறோம். இதுல மானியம்னு பேசுறது நியாயமா?

இன்றைய நிலையில் உங்கள் கோபம் நியாயம்தான். விலை இடைவெளிக் கணக்கில் நம் ஊர் டீசலுக்கு மானியம் என்று ஒன்றும் தேறாது. ஒரு காலத்தில் இருந்தது. பெட்ரோல் விலையை அரசுக் கட்டுப்பாட்டிலிருந்து 2010 ஜூனில் அவிழ்த்துவிட்டார்கள். டீசலைத் தொடப் பயந்து, 2013 ஜனவரியில் இருந்து மாதம் 50 பைசா என்று ஏற்றினார்கள். 2014-ல் உலக விலை விழுந்தபோது இடைவெளி தானே மூடிக்கொண்டது, அக்டோபரில் டீசலும் சந்தைக்குப் போனது. சத்தமில்லாமல் முடிந்த சீர்திருத்தம் அது. அதற்கு முந்தைய மானியத்தின் ஒரு பகுதியை ரொக்கமாகக் கொடுக்காமல் எண்ணெய்ப் பத்திரமாக, அதாவது பின்னால் வட்டியோடு தருகிறோம் என்ற கடன் பத்திரமாக, எண்ணெய் நிறுவனங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கடனைப் பிறகு வந்தவர்கள் அடைத்தார்கள். அந்தக் கணக்கில் நீங்களும் கட்டியிருக்கிறீர்கள்.

நாங்குநேரி விவசாயி: கிணத்து மோட்டாருக்கு இலவச கரண்ட் வாங்குறோம். அதையும் நிலக்கரி மானியம்னு எழுதுறாங்களே?

பாதி உண்மை. கரண்ட் எதிலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். ஆனி, ஆடியில் பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலை சுழலும்போது மோட்டார் ஓடுவதில் காற்றின் பங்கு பெரிது. காற்று அடங்கின பிறகு தூத்துக்குடி அனல் நிலையம் மாதிரி இடங்களில் எரியும் நிலக்கரியின் பங்கு ஏறும். அந்தப் பங்கை மட்டும்தான் புதைபடிவ எரிபொருள் (நிலக்கரி, எண்ணெய், எரிவாயு) மானியக் கணக்கில் சேர்க்கலாம்.

பெரிய சிக்கல் இன்னொன்று. பெரும்பாலான பம்புசெட்டுக்கு மீட்டர் கிடையாது. எத்தனை குதிரைத்திறன், எத்தனை மணி நேரம் என்று உத்தேசமாகப் போடுகிறார்கள். வழியில் இழந்த கரண்ட், திருடின கரண்ட் எல்லாம் விவசாயி தலையில் எழுதப்படுகிறதோ என்ற சந்தேகம் இதனால்தான் தீரவே மாட்டேன் என்கிறது. காசு வாங்காவிட்டாலும் மீட்டர் வையுங்கள் என்றால் சங்கத்துக்காரர்கள் அடுத்து பில் வரும் என்று பயப்படுகிறார்கள். 2003-ல் இலவசத்தை நிறுத்திப் பார்த்து, 2004 தேர்தலுக்குப் பிறகு திருப்பிக் கொடுத்த மாநிலம் இது. அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

உவரி மீனவர்: எங்க போட்டுக்கு வரி இல்லாத டீசல், குறைஞ்ச விலை மண்ணெண்ணெய் குடுக்கிறாங்க. அதுவும் போயிருமா?

வரித் தள்ளுபடி என்பதால் ஓஇசிடி மாதிரிப் பட்டியலில் அது நிச்சயம் ஏறும். பட்டியலில் ஏறியதெல்லாம் நாளைக்கே நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. ஃபைபர் போட்டும் பெரிய விசைப்படகும் ஒன்றல்ல, குறைப்பதானால் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது கடல் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

களக்காட்டிலிருந்து: எந்த நாட்டிலாவது மக்கள் கோபப்படாம மானியத்தைக் குறைச்சிருக்காங்களா?

ஈரான் 2010-ல் செய்த வரிசையைப் பாருங்கள். முதலில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வங்கிக் கணக்கில் ரொக்கம் போட்டார்கள். அது வந்துசேர்ந்த பிறகுதான் டிசம்பரில் பெட்ரோல் விலையை ஏற்றினார்கள். ஊர் பெரிதாகக் கொந்தளிக்கவில்லை. ஆனால் ரொக்கத்தை விலைவாசிக்குத் தக்கபடி உயர்த்தவில்லை, சில வருடத்தில் அது டீக்காசு ஆகிவிட்டது. 2019-ல் மறுபடி பெட்ரோல் விலையை ஒரே ராத்திரியில் ஏற்றியபோது தெருவில் ரத்தம் ஓடியது.