வெளிநாட்டுப் படிப்பும் உடற்பயிற்சிச் செலவும்: வாசகர் கேள்வி - பதில்

ஜூலை பிறந்துவிட்டால் இப்பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடுகிறது. செப்டம்பர் சேர்க்கைக்காக வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குப் புறப்படுகிறவர்களும், அவர்களை வழியனுப்பும் பெற்றோரும், சென்ற ஆண்டே போய்ச் சேர்ந்து அங்கிருந்து எழுதுகிறவர்களும் கேட்பது ஏறக்குறைய ஒன்றேதான்: கையில் காசு குறைவு, உடம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும், என்ன செய்வது? இந்த இதழின் இடம் முழுவதும் அவர்களுக்கே.

என் மகன் முதுநிலைப் பொறியியல் படிக்க ஜெர்மனி செல்கிறான். இங்கே இரண்டு ஆண்டுகள் ஜிம்முக்குப் போய்ப் பழகியவன். அங்கும் சேர வேண்டும், அதற்கென்று மாதாமாதம் தனியாகப் பணம் அனுப்புங்கள் என்கிறான். கல்விக் கடன் வாங்கியிருக்கும் நிலையில் இது அவசியம்தானா?
- வாசகி, நங்கநல்லூர்

முதல் பருவத்துக்கு (செமஸ்டருக்கு) அவசியம் இல்லை. ஜெர்மனி விசாவுக்காக நீங்கள் 'பிளாக்டு அக்கவுண்ட்' (ஓராண்டுச் செலவை முன்கூட்டியே போட்டுவைத்து, மாதாமாதம் மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) தொடங்கியிருப்பீர்கள். 2024 செப்டம்பரிலிருந்து அதற்கு ஆண்டுக்கு 11,904 யூரோ என்று நிர்ணயித்திருக்கிறார்கள்; மாதத்துக்கு 992 யூரோதான் கைக்கு வரும். அறை வாடகை, மருத்துவக் காப்பீடு, சாப்பாடு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும் என்பதால், போய் இறங்கிய முதல் மாதத்திலேயே ஒரு சந்தாவைத் தலையில் ஏற்றிக்கொள்வது புத்திசாலித்தனம் ஆகாது.

அங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் 'ஹோக்‌ஷூல்ஷ்போர்ட்' என்ற விளையாட்டுப் பிரிவு இருக்கிறது. பூப்பந்து, நீச்சல், யோகா, மலையேற்றம், சில இடங்களில் ஜிம் என்று எல்லாவற்றையும் மாணவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் நடத்துகிறார்கள். பருவத் தொடக்கத்தில் இணையத்தில் பதிவு திறக்கும். விரும்பப்படும் வகுப்புகள் திறந்த வேகத்திலேயே நிரம்பிவிடும். ஆகவே, பதிவு திறக்கும் நாளை இங்கிருந்து கிளம்புவதற்கு முன்பே அவர் குறித்துக்கொள்ளட்டும். அரசுசார் மருத்துவக் காப்பீட்டில் இருக்கும் மாணவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு: அங்கீகரிக்கப்பட்ட யோகா, முதுகுப் பயிற்சி போன்ற வகுப்புகளுக்கு முறையாகப் போய்ச் சான்றிதழ் பெற்றுக் கொடுத்தால், கட்டணத்தின் பெரும் பகுதியைக் காப்பீட்டு நிறுவனமே திருப்பித் தருவது வழக்கம். பல மாணவர்கள் படிப்பு முடித்துத் திரும்பும் வரை இதைக் கேட்பதே இல்லை.

தனியார் ஜிம் விஷயத்தில் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. இங்கே நாம் மூன்று மாதம் கட்டிவிட்டு நான்காம் மாதம் போகாமல் இருந்துவிடுவதைப் போல அங்கே நின்றுவிட முடியாது. முதல் ஒப்பந்தக் காலம் 24 மாதம் வரைகூட இருக்கலாம். 2022 மார்ச் 1 முதல் செய்யப்பட்ட ஒப்பந்தங்களை, அந்த முதல் காலம் முடிந்தபின், ஒரு மாத முன்னறிவிப்பில் முடித்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்திருக்கிறது என்றாலும், முதல் காலத்துக்குள் அகப்பட்டுக்கொண்டவருக்கு அது உதவாது.

அதுவரை அறையே போதும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. முதல் பாதியை, வகுப்புக்கும் கடைக்கும் வேகமாக நடந்து போய் வருவதே பெரும்பாலும் தீர்த்துவிடும். இரண்டாவதற்கு நம் ஊர் தேகப்பயிற்சி சாலைகளில் காலங்காலமாகச் செய்துவரும் தண்டாலும் பஸ்கியும் இருக்கின்றன. ஜிம்மில் எடை தூக்கியவருக்கு இவை சுலபமாகத் தோன்றலாம். அப்படித் தோன்றினால், முதுகுப் பையில் ஐந்து கிலோ அரிசிப் பை இரண்டைப் போட்டு மாட்டிக்கொண்டு, மனத்துக்குள் நான்கு எண்ணியபடி மெல்ல இறங்கி, கீழே ஒரு கணம் நின்று, பிறகு எழுந்து பஸ்கி போடச் சொல்லுங்கள். பன்னிரண்டாவதில் தொடை நடுங்கும். அதே பையை, இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து நின்று வயிற்றை நோக்கி இழுத்தால் முதுகுக்கும் வேலை ஆகிவிடுகிறது. குதிக்கும் பயிற்சிகள் மட்டும் வேண்டாம். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பதில் ஜெர்மானியர்கள் கறாரானவர்கள். கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிடுவார்.

பகுதிநேர வேலை கிடைத்து, சொந்தக் காசில் ஜிம்மில் சேர்வதானால் தடுக்காதீர்கள்.

பெரம்பூரைச் சேர்ந்த நான் இங்கிலாந்தில் லெஸ்டரில் படிக்கிறேன். வந்த எட்டு மாதத்தில் 7 கிலோ கூடிவிட்டேன். மாலையில் ஒரு வறுத்த கோழிக் கடையில் வேலை. சாப்பாடு அங்கேயே இலவசம் என்பதால் பணம் மிச்சமாகிறது. எட்டு மணி நேரம் நின்றுகொண்டே இருக்கிறேன், அது உடற்பயிற்சி இல்லையா?
- மாணவர்

நிற்பது உட்கார்ந்திருப்பதைவிட நல்லதுதான், ஆனால் மூச்சு வாங்காத உழைப்பை உடற்பயிற்சிக் கணக்கில் எழுத முடியாது. ஸ்டூடண்ட் விசாவில் பட்டப்படிப்பு மாணவருக்குப் பருவ நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை அனுமதி என்பதால், எப்படிப் பார்த்தாலும் வாரத்தில் நான்கைந்து நாட்கள் உங்கள் கையில் இருக்கின்றன.

முதலில் ஓர் அளவு நாடாவை எடுத்து, விலா எலும்பின் அடிக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவே சுற்றளவைப் பாருங்கள். அது உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும், 172 செ.மீ. உயரமானால் 86 செ.மீ.க்குள். உடல் நிறை குறியீட்டெண்ணிலும் (பி.எம்.ஐ. - கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) நமக்கு எல்லை தாழ்வு. ஐரோப்பியருக்கு 25-இல் தொடங்கும் எச்சரிக்கை, தெற்காசியருக்கு 23-லேயே தொடங்குவதாக அந்நாட்டு மருத்துவ வழிகாட்டுதலே சொல்கிறது. நீரிழிவு நம்மை முந்திக்கொண்டு பிடிப்பதுதான் காரணம்.

இலவசச் சாப்பாட்டை விட்டுவிடுங்கள் என்று சொல்வது எனக்கு எளிது, உங்களுக்குக் கடினம். ஆனால் உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்தபோது, அந்தச் சாப்பாடு இரவு பதினோரு மணிக்கு, அறைக்கு வந்து சோறு சாப்பிட்டதற்கு முன்னாலோ பின்னாலோ சேர்ந்து வருகிறது என்று தெரிகிறது. வேலைக்குப் போகுமுன் சோறும் சாம்பாரும் காயும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கடையில் பசித்தால் ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கு வறுவலையும் கோலாவையும் தொடாதீர்கள். கூடிய 7 கிலோவில் பாதிக்கு அந்தக் கோலாவே பொறுப்பாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

சமையல் செலவு பயப்படும் அளவுக்கு ஆகாது. உறைந்த பட்டாணி, பசலைக்கீரை, பீன்ஸ் ஆகியவை சத்தில் புதுக்காய்க்கு அதிகம் குறைந்தவை அல்ல, வீணாகவும் போகாது. துவரம்பருப்பு, முட்டை, டின்னில் வரும் மத்தி மீன் ஆகியவை மலிவு. மாலையில் சூப்பர்மார்க்கெட்டுகளில், அன்றோடு தேதி முடியும் பொருட்களுக்கு மஞ்சள் ஒட்டியுடன் விலை குறைப்பார்கள். வேலைக்குப் போகும் வழியில் எட்டிப் பாருங்கள். ஞாயிறன்று குழம்பு வைத்து டப்பாக்களில் உறைய வைத்துக்கொள்ளலாம். வடித்த சோற்றை மட்டும் இரவு முழுக்கக் குக்கரிலேயே விட்டுவைக்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆற வைத்து ஃபிரிட்ஜில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பது அங்குள்ள உணவுத் தர அமைப்பின் அறிவுரை.

ஓடப் பழக ஆசை இருந்தால், 'பார்க்ரன்' என்ற பெயரில் சனிக்கிழமைதோறும் காலை 9 மணிக்கு அங்குள்ள பூங்காக்களில் 5 கி.மீ. ஓட்டம் நடக்கிறது. 2004-இல் லண்டனின் புஷி பூங்காவில் தொடங்கியது. கட்டணம் கிடையாது, ஒருமுறை இணையத்தில் பதிவு செய்தால் போதும். நடந்தே முடிப்பவர்களும் ஏராளம். கடைசியாக வருபவருக்குப் பின்னால் தன்னார்வலர் ஒருவர் நடந்து வருவார் என்பதால் யாரும் தனித்து விடப்படுவதில்லை.

கனடா செல்கிறேன். முட்டைகூடச் சாப்பிடாத வீடு எங்களுடையது. புரோட்டீன் பவுடர் வாங்காமல் சமாளிக்க முடியுமா?
- மாணவி, மயிலாப்பூர்

தாராளமாக முடியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 55 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 46 கிராம். சமைக்காத பருப்பு 80 கிராமில் சுமார் 18 கிராமும், பாலும் தயிருமாக அரை லிட்டரில் 16 கிராமும், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராமும் கிடைத்துவிடும். மீதியை அரிசியும் கோதுமையும் ஓட்ஸும் கொடுத்துவிடுகின்றன. நம் சமையலில் புரதம் குறைவதற்குக் காரணம் சாம்பாரில் பருப்பு கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதுதான். அங்கே நீங்களே கரண்டி பிடிக்கப்போவதால் பருப்பின் அளவை இரட்டிப்பாக்கிக் கூட்டாகவோ கெட்டிக் குழம்பாகவோ வையுங்கள். கொண்டைக்கடலைச் சுண்டலுக்கு நவராத்திரி வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஜிம்மைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன். கனடாவிலும் அமெரிக்காவிலும் பல பல்கலைக்கழகங்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்கான தொகையைப் பருவக் கட்டணத்துடன் சேர்த்தே வாங்கிவிடுகின்றன. கட்டண ரசீதை வரி வரியாகப் பாருங்கள். ஏற்கெனவே பணம் கட்டிய கூடத்தை விட்டுவிட்டு வெளியே இன்னொரு ஜிம்முக்கும் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் டிசம்பரில் வெளியே நடக்கவே முடியாது என்கிறார்களே, உண்மையா?
- வாசகர், வடபழனி

நடக்கலாம். காலை எட்டே முக்காலுக்கு விடிந்து பிற்பகல் மூன்றே முக்காலுக்கு இருட்டிவிடும் என்பதால், மதிய இடைவேளையில் அரை மணி நேரம் நடப்பதுதான் வசதி. பனி உறைந்த நடைபாதையில் சாதாரணக் காலணி வழுக்கும். வைட்டமின் டி மாத்திரை நாளுக்கு 10 மைக்ரோகிராம், நம்மைப் போன்ற நிறத்தவர் ஆண்டு முழுவதும் எடுத்துக்கொள்ளலாம் என்பது பிரிட்டன் அரசு மருத்துவத் துறையின் அறிவுரை. மலிவானதுதான்.

அயர்லாந்து செல்லும் மகளுக்குக் குக்கர், நெய், சத்துமாவு, ஒரு ஜோடி டம்பெல் எடுத்து வைத்திருக்கிறேன். வேறு என்ன வேண்டும்?
- ஒரு தந்தை, வளசரவாக்கம்

டம்பெல்லை எடுத்துவிடுங்கள், பெட்டியின் எடையைத் தின்றுவிடும். அந்த இடத்தில் இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டைகள் இரண்டு வையுங்கள், கால் கிலோகூட ஆகாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து பால் பொருட்களையும் இறைச்சியையும் கொண்டுபோக அனுமதி இல்லை என்பதால் நெய்யும் வேண்டாம். சத்துமாவைப் பால் பவுடர் சேர்க்காமல் அரைத்துக் கொடுங்கள். குக்கர் அடிப்பாகம் இண்டக்ஷன் அடுப்புக்கு ஏற்றதுதானா என்று ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டவில்லையென்றால் மாணவர் விடுதிகளில் பரவலாக இருக்கும் அந்த அடுப்பில் அது சூடேறாது. மகள் நடப்பதற்கான காலணியை இப்போதே வாங்கி, பெசன்ட் நகரில் 2023-இல் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் அமைத்த 8 கி.மீ. பாதையில் இரண்டு வாரம் நடந்து பழக்கட்டும். கடித்தால் இங்கேயே மாற்றிக்கொள்ளலாம்.