எடை மெஷினுக்குள் கிடந்த சில்லறை யாருக்குச் சொந்தம்?

கேள்வி: ரயில்வே ஸ்டேஷனில் காசு போட்டு எடை பார்ப்போமே, அந்த மாதிரி பழைய மெஷின் ஒன்றைக் காயலான் கடையில் வாங்கினேன். பூட்டை உடைத்துத் திறந்தால் உள்ளே 10 பைசா, 25 பைசா, ஒரு ரூபாய்க் காசுகள், சில இரும்பு வாஷர்கள், ஒரு கட்டு எடை அட்டைகள். ஒரு ரூபாய்க் காசு ஒன்றின் படத்தைப் பார்த்துவிட்டு, “லட்ச ரூபாய் தருகிறேன், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்” என்கிறார் ஒருவர். கட்டலாமா? இந்தக் காசெல்லாம் எனக்குச் சொந்தம்தானா?
— வாசகர், ஈரோடு

பதில்: ஒரு பைசாகூடக் கட்டாதீர்கள். வாங்குகிறவர்தான் பணம் தர வேண்டும், விற்கிறவர் அல்ல. ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இப்படிக் கட்டணமும் வரியும் கேட்கிறார்கள். பழைய காசு வாங்கி விற்கும் வேலையைத் தான் செய்வதில்லை, தன் சார்பில் கட்டணம் வாங்க யாருக்கும் அனுமதி தரவில்லை என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. ஏற்கெனவே கட்டியிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

சரி, யாருக்குச் சொந்தம்? 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் மண்ணில் மறைந்திருப்பதையும், மண்ணோடு பொருத்தப்பட்ட ஒன்றில் மறைந்திருப்பதையும் பற்றியது. கடையில் கிடந்த மெஷின் அதில் வராது. அதனாலேயே எல்லாம் உங்களுடையது என்று ஆகிவிடாது. இங்கிலாந்தில் ஒருவர் ஏலத்தில் வாங்கிய மேசையின் ரகசிய இழுப்பறையில் பணப்பை இருந்தது. மேசையை விற்றதாலேயே, உள்ளே இருப்பது தெரியாத பணத்தையும் விற்றதாகாது என்று 1841-இல் மெர்ரி எதிர் கிரீன் வழக்கில் முடிவானது. நம் ஊர் வழக்கு இல்லைதான், ஆனால் அந்த நியாயம் எனக்குச் சரியாகவே படுகிறது. கடைக்காரரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். வைத்துக்கொள்ளச் சொன்னால், ‘உள்ளே இருப்பவையும் சேர்த்து’ என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

மதிப்பைப் பொறுத்தவரை பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30-க்குப் பிறகு செல்லாது. ஒரு ரூபாய் இன்றும் செல்லும். 1962 முதல் 1974 வரை வந்த பெரிய ஒரு ரூபாய் நிக்கல், காந்தத்தில் ஒட்டும். 1975 முதல் வந்த செம்பு-நிக்கல் காசு ஒட்டாது. சேகரிப்பவர்கள் ஆண்டு, ஆண்டுக்குக் கீழே உள்ள நாணயச்சாலைக் குறி (காசு எங்கே அடிக்கப்பட்டது என்று காட்டுவது), தேய்மானம் மூன்றையும் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் அந்த விலையும் போய்விடும்.

எனக்கு உண்மையில் ஆசை வருவது அந்த அட்டைக் கட்டின் மேல்தான். எடை ஒரு பக்கம், பலனோ நடிகர் படமோ மறுபக்கம். எடை பார்த்த கையோடு பெரும்பாலோர் தூக்கிப் போட்டதால் இப்போது கிடைப்பது அரிது. ரப்பர் பேண்ட் போடாமல், ஈரம் படாத டப்பாவில் தனியாக வையுங்கள்.