ஊதா இலை எல்ம்: நிறம் மங்குவது நோயா?

கேள்வி: இங்கிலாந்தில் பிரைட்டன் பக்கம் வீடு வாங்கியிருக்கிறோம். தோட்டத்தில் ஊதா இலை எல்ம் மரம் ஒன்று நிற்கிறது. வசந்தத்தில் ஊதாவாகத் துளிர்த்த இலைகள் ஜூனில் பச்சையாகிவிட்டன. என்ன உரம் போடலாம்? விதையில் கன்று எடுக்க முடியுமா? உச்சிக் கிளை ஒன்றில் மட்டும் இலை மஞ்சளாகிச் சுருள்கிறது.

பதில்: உரத்தை அப்புறம் பார்க்கலாம். கடைசியாக ஒரு வரியில் சொன்னீர்களே, அந்த மஞ்சள் கிளையை இன்றே பாருங்கள்.

வாடிய கிளையில் விரல் பருமனில் ஒரு குச்சியை வெட்டி, கத்தியால் பட்டையைச் சீவுங்கள். உள்ளே கட்டை வெளிர் நிறத்தில் சுத்தமாக இருக்க வேண்டும். பழுப்புக் கோடுகள் நீளவாக்கில் ஓடினால், வெட்டுமுகத்தில் கரும்புள்ளிகள் வளையமாகத் தெரிந்தால், டச்சு எல்ம் நோய் என்றே சந்தேகப்பட வேண்டும். நல்ல கிளையிலும் ஒரு குச்சி வெட்டிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே புரியும். கத்தியை ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட்டில் துடைத்துவிடுங்கள்.

இது பூஞ்சை நோய். பட்டை வண்டுகள் இளங்கிளைக் கவட்டைகளைக் கொறிக்கும்போது பூஞ்சை உள்ளே இறங்கி, மரத்தின் நீர்க்குழாய்களை அடைத்துவிடும். 1960களின் கடைசியில் தொடங்கிய இரண்டாவது அலையில் பிரிட்டனில் கோடிக்கணக்கான எல்ம்கள் போய்விட்டன. ஆனால் பிரைட்டனில் ஆயிரக்கணக்கில் தப்பி நிற்கின்றன. தெற்கே கடல், வடக்கே குன்றுகள் என்பது ஒரு காரணம். நோய் கண்ட மரத்தை நகராட்சி தாமதிக்காமல் வெட்டி அகற்றியது இன்னொன்று. அப்படியும் பிரஸ்டன் பூங்காவில் 400 வயது இரட்டை எல்ம்களில் ஒன்றை 2019இல் இழந்தார்கள். ஆகவே கோடு தெரிந்தால் நகராட்சியின் மரப் பிரிவுக்கு அன்றே சொல்லுங்கள். நோய் ஒரு கிளையோடு நின்றிருந்தால், கோடு முடியும் இடத்துக்கு இரண்டு மூன்று மீட்டர் கீழே வெட்டி மரத்தைக் காப்பாற்றச் சில நேரம் முடியும். அதை அவர்கள் பார்த்துச் சொல்லட்டும். வெட்டிய கட்டையைப் பட்டையோடு விறகுக்கு அடுக்கி வைக்கவே கூடாது; வண்டு அதில்தான் முட்டையிடும். தெளித்துக் குணமாக்கும் மருந்து இதற்குக் கிடையாது. பக்கத்து எல்ம்களுக்கு வேர் வழியாகவும் பரவும் என்பதால் அண்டை வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

கோடு எதுவும் இல்லையா? அப்போது வறட்சியாகவோ கிளை முறிவாகவோ இருக்கலாம். வேர்ப்பகுதி நனைய வாரம் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் விட்டுக் கவனியுங்கள்.

நிறம் மங்குவதற்கு எந்த உரமும் வேண்டாம். ‘பர்ப்யூரியா’, ‘பர்ப்யூராசென்ஸ்’ என்று 19ஆம் நூற்றாண்டிலிருந்து ஐரோப்பியத் தோட்டங்களில் இருந்துவரும் இந்த வகைகளின் குணமே அதுதான். நம் ஊர் மாந்தளிர் செம்பாக வந்து பச்சையாவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். தழைச்சத்தை அள்ளிப் போட்டால் பச்சைதான் கூடும்.

கன்று விஷயம். நம் ஆயா மரமும் எல்ம் குடும்பம்தான். அதைப் போலவே இதற்கும் காகிதம் போன்ற இறக்கை விதை. ஆனால் அதில் முளைத்து வருவது தாயைப் போல ஊதாவாக இருக்கும் என்று நம்ப முடியாது. வேரிலிருந்து பக்கக்கன்று வந்தால் அடுத்த வசந்தம் வரை விட்டுவையுங்கள். துளிர் ஊதாவாக வந்தால் மரம் சொந்த வேரில் நிற்கிறது. அந்தக் கன்றையே வேரோடு பிரித்து நடலாம். பச்சையாக வந்தால் அது ஒட்டுக்கட்டிய அடிமரத்தின் கன்று, அறுத்துவிடுங்கள். தாழ்ந்த கிளை இருந்தால் மண்ணில் வளைத்துப் பதியன் போடலாம், வேர் பிடிக்க ஒன்றிரண்டு வருடம் எடுக்கும். எதுவானாலும் அந்த மஞ்சள் கிளைக்கு விடை தெரியும்வரை இந்த மரத்திலிருந்து ஒரு குச்சிகூட வேறு தோட்டத்துக்குப் போகக் கூடாது.