அப்பாருவின் ஹெரால்டு – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வணக்கம். பழைய வண்டிகளைப் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதைப் படித்த தைரியத்தில் இதை எழுதுகிறேன். எங்கள் ஊர் பொள்ளாச்சி பக்கம். தோட்டத்துச் சாளையை ஒட்டிய ஷெட்டில் அப்பாருவின் (அப்பாவின் அப்பா) 1968 ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் நிற்கிறது. நாலு கதவு வண்டி. சந்தைக்கும் கல்யாணங்களுக்கும் அப்பாரு அதில்தான் போவார். அவருக்குப் பிறகு அப்பா அவ்வப்போது ஸ்டார்ட் செய்து வைப்பார். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து வண்டி அசையவே இல்லை. போன வருஷம் அப்பாவும் போய்விட்டார்.

இப்போது ஆளுக்கொன்று சொல்கிறார்கள். "புரோக்கர் கேட்கிறான், கொடுத்துடலாம்" என்கிறார் சித்தப்பா. அத்தைக்கு விற்க மனசில்லை. பார்க்க வந்த மெக்கானிக், பழைய எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு மாருதி எஸ்டீம் எஞ்சினை வைத்தால் பறக்கும் என்கிறார். பெயிண்டர் முழுசாகப் பட்டி பார்த்து மெட்டாலிக் சிவப்பு அடித்துத் தருகிறாராம். "இந்தக் காசுக்கு நல்ல செகண்ட் ஹேண்ட் வண்டியே வாங்கலாமே" என்பது என் கணவரின் கேள்வி. ஆர்.சி. புத்தகம் இன்னும் அப்பாரு பேரில்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஆழியாறு வரை ஓட்டிப் போக வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். எங்கிருந்து ஆரம்பிப்பது?

க., பொள்ளாச்சி

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஆழியாறுதான். பரிசு வாங்க வேண்டும், ஊர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் நீங்கள் எழுதவில்லை. அதனால் பதில் சொல்வது சுலபமாகிவிட்டது. வண்டியை ஓட வையுங்கள், புதுசாக்க வேண்டாம். இருக்கிற பணம் முழுவதும் வண்டிக்கு அடியில், யார் கண்ணுக்கும் படாத இடங்களில் செலவாகட்டும்.

ஆனால் ஒரு ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் ஆர்.சி.யைப் பாருங்கள். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் 31ஆம் எண் படிவத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நம் வீடுகளில் இதை யாரும் செய்வதில்லை. பரவாயில்லை, தாமதத்துக்கான தொகையைக் கட்டிச் செய்துகொள்ளலாம். உங்களுக்கு இரண்டு தலைமுறை தாண்ட வேண்டியிருப்பதால் அப்பாருவுக்கும் அப்பாவுக்கும் தனித்தனியாக வாரிசுச் சான்றிதழ் கேட்பார்கள். அத்தையும் சித்தப்பாவும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். பதிவும் காலாவதியாகி இருக்கும், அதையும் புதுப்பிக்க வேண்டும்.

சித்தப்பாவிடம் இப்போதே பேசிவிடுங்கள். ஓடாத, பேப்பர் சரியில்லாத ஹெரால்டுக்குப் புரோக்கர் கொடுப்பது ஏறக்குறைய இரும்பு விலைதான். அந்த விலையில் அவருடைய பங்கைக் கணக்கிட்டுக் கொடுத்து, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் செலவு செய்து வண்டி ஓட ஆரம்பித்த பிறகு பேசினால் அதே வண்டிக்கு வேறு விலை சொல்லப்படும். சித்தப்பா கெட்டவர் என்று சொல்லவில்லை. பளபளவென்று நிற்கிற காரைப் பார்த்தால் எந்தச் சித்தப்பாவுக்கும் அப்படித்தான் தோன்றும்.

50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021ல் மத்திய அரசு தனிப் பதிவு கொண்டுவந்தது. 'விஏ' என்ற எழுத்துகளோடு எண் தருவார்கள். உங்கள் வண்டிக்கு அந்த வயது ஆகிவிட்டது என்று யாராவது ஆசை காட்டலாம். வேண்டாம். அந்தப் பதிவில் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். வழக்கமாக ஓட்ட முடியாது. ஆழியாறு போவதென்றால் சாதாரணப் பதிவையே புதுப்பியுங்கள்.

இனி வண்டிக்கு வருவோம். நீங்கள் கொடுத்துவைத்தவர். சரிசெய்ய இதைவிடத் தோதான கார் அமைவது கஷ்டம். அதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் கம்பெனிக்குப் பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. ஒரே கூடாகப் பாடியைச் செய்து கொடுக்க ஆளில்லை. அதனால் தனிச் சேசிஸ் போட்டு, பல இடங்களில் செய்த பாகங்களை அதன் மேல் போல்ட் போட்டுப் பூட்டும்படி ஹெரால்டை அமைத்தார்கள். தோற்றத்தை வரைந்தவர் டூரின் நகரத்து ஜியோவான்னி மிக்கெலோட்டி. 1959ல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது, 1961ல் சென்னையில் தயாரிப்பு தொடங்கியது. நாலு கதவு ஹெரால்டு இங்கே மட்டும்தான் உண்டு, பிரிட்டனில் செய்யவே இல்லை. உங்கள் ஷெட்டில் நிற்பது வண்டலூர் பக்கத்துச் சரக்கு.

அவர்களுடைய நெருக்கடி இன்றைக்கு உங்களுக்கு லாபம். மட்கார்டும் பானெட்டும் சேர்ந்து முன்பக்கம் மொத்தமாக முன்னால் சாய்ந்து திறக்கும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். ஒரு பாகத்தைக் கழற்றி, சரிசெய்து, மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். மொத்த வண்டியையும் பிரித்துப் போட வேண்டியதில்லை. பிரித்துப் போட்ட வண்டிகளில் பாதி அப்படியே கிடக்கின்றன. சாக்குமூட்டையில் நட்டும் போல்ட்டுமாகக் கிடக்கிற எத்தனையோ 'அப்பா காலத்து கார்'களைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் பிரேக். இந்த வண்டியில் நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் ஆயில் சர்க்யூட். எங்காவது ஒரு ஹோஸ் விட்டால் பெடல் தரையைத் தொடும், மிச்சம் இருப்பது ஹேண்ட் பிரேக் மட்டும்தான். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ், இரும்புக் குழாய் எல்லாவற்றையும் மாற்றுங்கள். "பார்க்க நல்லாத்தான் இருக்கு" என்று மெக்கானிக் சொன்னாலும் மாற்றுங்கள். டயரும் அப்படித்தான், பட்டன் தேயாமலே வயசாகிப்போன டயரை நம்பக்கூடாது.

அடுத்தது டிரன்னியன். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைய மெக்கானிக்குகள் பலருக்கு இது தெரியாது. ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்குகிற செங்குத்துத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும், அந்தக் கட்டைதான் டிரன்னியன். ஸ்டியரிங்கைத் திருப்பும் போதெல்லாம் அந்த மரை கட்டைக்குள் சுழலும். இதற்குப் போட வேண்டியது கிரீஸ் இல்லை, கியர் பாக்ஸுக்கு ஊற்றுகிற 90 ஆயில். கம்பெனியே அப்படித்தான் சொன்னது. ஆனால் எந்த மெக்கானிக்கும் பழக்கத்தில் கிரீஸ் கன்னை எடுத்து நான்கு அழுத்து அழுத்திவிடுவார். கிரீஸ் நாளடைவில் இறுகி, புதிதாக எதையும் உள்ளே விடாது. தண்ணீர் தங்கும், மரை துருப்பிடிக்கும், ஒருநாள் தண்டு அந்த இடத்தில் முறிந்து சக்கரம் மட்கார்டுக்கு அடியில் மடிந்துகொள்ளும். பெரும்பாலும் வண்டியைத் திருப்பி நிறுத்தும்போது நடக்கும், அது அதிர்ஷ்டம். வால்பாறை ரோட்டில் நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, மரையை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்போ குழியோ இருந்தால் தயங்காமல் புதுசு போடுங்கள்.

புதுசு எங்கே கிடைக்கும்? சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தேடலாம், சில சமயம் மாட்டும். ஆனால் ரப்பர் சாமான்களை அங்கே வாங்காதீர்கள், எத்தனை காலம் அலமாரியில் கிடந்ததோ. டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரும் ஹெரால்டின் அடித்தளத்தில் பிறந்ததுதான். அதனால் இரண்டுக்கும் பொதுவான பாகங்களை பிரிட்டனில் இன்றும் செய்து விற்கிறார்கள். கஸ்டம்ஸ் வரி உறுத்தும், ஆனாலும் பிரேக்கும் டிரன்னியனும் அங்கிருந்தே வரட்டும். புஷ், பின் மாதிரி சின்னச் சாமான்களுக்குப் பக்கத்தில் கோயம்புத்தூர் இருக்கிறது. பழசைக் கையில் கொண்டுபோனால் லேத்தில் அச்சு அசலாகக் கடைந்து தருவார்கள்.

எஞ்சினை எடுத்த எடுப்பில் ஸ்டார்ட் செய்ய விடாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு, ஓரிரு நாள் ஊறவைத்து, கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது. டிக்கியில் இருக்கிற பெட்ரோல் டேங்கைக் கழற்றிக் கழுவுங்கள், பழைய பெட்ரோல் உள்ளே பிசினாகப் படிந்திருக்கும். பெட்ரோல் குழாய்களும் புதுசாக இருக்கட்டும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, அந்தக் காலத்து ரப்பரை அது சீக்கிரம் தின்றுவிடும்.

எஸ்டீம் எஞ்சின் கூடவே கூடாது. ஆர்.சி.யில் ஒரு எஞ்சின், வண்டியில் வேறொன்று என்று முன் அனுமதி இல்லாமல் ஓட்டினால் சட்டப்படி தப்பு. அதைவிட முக்கியம் ஹெரால்டின் பின் ஆக்சில். சக்கரங்கள் நடுவிலிருந்து இறக்கைபோல் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்பு அது. வளைவில் வேகமாகப் புகுந்துவிட்டுப் பயந்து திடீரென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும், வண்டி சுழலும். பின்னாளில் கேசல் என்ற மாடலில் இதையே மாற்றினார்கள். உங்கள் பழைய 948 சி.சி. எஞ்சினின் சாதுவான வேகத்துக்கு ஹெரால்டின் ஆக்சில் தாங்கும். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சக்தியைக் கொண்டுவந்து அதன் மேல் வைப்பது விபரீதம்.

பெயிண்ட். எங்கள் பெரியப்பா வீட்டு ஃபியட்டை ஒரு ஷாப்பில் கொடுத்து முழுசாகப் பட்டி பார்த்து அடித்தார்கள். வெளியே வந்தபோது கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டு மழைக்காலம் போனதும் கதவின் கீழ்விளிம்பில் கொப்புளம் கட்டியது. குத்திப் பார்த்தால் தகடே இல்லை, பட்டி மட்டும்தான் இருந்தது. துருவை வெட்டி எடுத்துத் தகடு வைத்துப் பற்றவைக்கிற டிங்கர் கிடைக்கும்வரை பெயிண்டரை ஷெட் பக்கம் விடாதீர்கள். அதற்குப் பிறகும் துருப்பிடித்த இடத்தை மட்டும் தொட்டால் போதும். ஜன்னல் ஓரத்தில் அப்பாருவின் முழங்கை தேய்த்த இடம் இருக்கும், அதற்கு மேல் எதற்கு மெட்டாலிக் சிவப்பு? புத்தம்புதுசாக நிற்கிற பழைய கார்களைப் பார்க்க ஆசையாக இருந்தால் கோவை அவிநாசி ரோட்டில் ஜி.டி. கார் மியூசியம் இருக்கிறது, குழந்தைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

உங்கள் கணவர் கேட்பது நியாயமான கேள்வி. இதில் போடுகிற பணம் திரும்பி வராது, அவரிடம் அதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். வருஷத்துக்கு இவ்வளவு என்று வீட்டுச் செலவைத் தொடாத ஒரு தொகையை இரண்டு பேருமாகச் சேர்ந்து முடிவு செய்யுங்கள். அந்தத் தொகை தீர்ந்தால் அந்த வருஷ வேலை நின்றுவிட வேண்டும். துண்டு துண்டாகச் செய்ய ஹெரால்டு ஒத்துழைக்கும். இந்த வருஷம் ஆர்.சி., பிரேக், டயர், டிரன்னியன். சீட்டும் வயரிங்கும் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.